எச்.ஐ.வி. உள்ள உள்நோயாளிகளுக்கான காசநோய்ச் சோதனை

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் எந்த நோய்க்காக வைத்தியசாலையில் சேர்ந்தாலும், அவருக்குக் காசநோயும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் மருத்துவ நடைமுறை. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலில் இதைத் தனிப் பரிந்துரையாகச் சேர்த்தது. காசநோய் வழமையாகக் காணப்பட்டு, எச்.ஐ.வி. அரிதாக உள்ள இலங்கையின் மாத்தளை மாவட்டம் போன்ற இடங்களில் இந்நடைமுறை ஆபிரிக்க வைத்தியசாலைகளில் உள்ளதைவிட வேறு வடிவம் கொள்கிறது.

பின்னணி

உலகில் 2023இல் காசநோயால் இறந்த சுமார் 12.5 இலட்சம் பேரில் 1.61 இலட்சம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். வசதி குறைந்த நாடுகளில் நடந்த பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 2015இல் ஒரு மீளாய்வு வெளியானது. எச்.ஐ.வி.யுடன் இறந்த வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரின் உடலில் அது காசநோயைக் கண்டது. காசநோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உயிரோடிருந்தபோது அந்நோய் கண்டறியப்படவேயில்லை.

காரணம், எதிர்ப்பாற்றல் தேய்ந்த உடலில் காசநோய் தன் வழக்கமான அடையாளங்களைக் காட்டுவதில்லை. நுரையீரலில் குழிகள் விழுவது குறைவு. சளியில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். எக்ஸ்-ரே சாதாரணமாகத் தெரியலாம். கிருமி இரத்தத்தோடு கலந்து நிணநீர்க் கணு, ஈரல், மூளையுறை என்று பரவிவிடும்.

அறிகுறிக் கேள்விகளின் எல்லை

வெளிநோயாளர் கிளினிக்கில் நான்கு கேள்விகள் கேட்கப்படும்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, இரவில் வியர்க்கிறதா. நான்குக்கும் ‘இல்லை’ என்றால் காசநோய் இருக்கும் வாய்ப்புக் குறைவு. வாட்டில் படுத்திருப்பவரிடம் இதே கேள்விகளால் அதிகப் பயனில்லை. வைத்தியசாலையில் சேருமளவுக்கு நோயுற்றவரிடம் காய்ச்சலோ மெலிவோ இல்லாமலிருப்பது அரிது. 2022இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, உள்நோயாளிகளில் இக்கேள்விகள் காசநோய் உள்ளவர்களில் 96 சதவீதத்தினரைப் பிடித்தன. காசநோய் இல்லாதவர்களில் 11 சதவீதத்தினரை மட்டுமே விலக்கின.

இதனாலேயே, எச்.ஐ.வி. உள்ள உள்நோயாளிகளில் காசநோய் 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில், அறிகுறி பாராமல் மருத்துவ வாட்டின் எல்லா எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் விரைவு மூலக்கூற்றுச் சோதனை செய்யுமாறு 2021 வழிகாட்டல் கூறுகிறது.

சோதனைகள்

விரைவு மூலக்கூற்றுச் சோதனை செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றிக் கருவியில் செருகினால், இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி உண்டா என்பதும் அது முக்கிய காசநோய் மருந்தான ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதும் தெரியும். ஆனால் நலிந்த நோயாளிகள் பலரால் சளியைக் காறித் துப்ப இயலாது.

அவர்களுக்குச் சிறுநீர் ‘லாம்’ சோதனை உதவும். காசநோய்க் கிருமியின் சுவரிலுள்ள பொருளொன்று சிறுநீரில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. 60 மைக்ரோலீட்டர் சிறுநீரைப் பட்டியில் இட்டு, 25 நிமிடம் கழித்துத் தோன்றும் கோட்டை மாதிரி அட்டையோடு ஒப்பிட வேண்டும். இதைக் கட்டிலருகிலேயே செய்யலாம். உள்நோயாளிக்குக் காசநோய் அறிகுறி இருந்தாலோ, எச்.ஐ.வி. முற்றியிருந்தாலோ, நிலைமை கடுமையாக இருந்தாலோ இது பரிந்துரைக்கப்படுகிறது; எதிர்ப்பாற்றல் தரும் சி.டி.4 கலங்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 200க்குக் குறைந்தவருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் செய்யலாம்.

தென்னாபிரிக்கா, தன்சானியா, சாம்பியா, சிம்பாப்வே நாடுகளின் 10 வைத்தியசாலைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், லாம் சோதனை பெற்றவர்களில் எட்டு வார இறப்பு 25 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. மலாவியிலும் தென்னாபிரிக்காவிலும் அறிகுறி பாராமல் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்த ‘ஸ்டாம்ப்’ ஆய்வில் (2018) இறப்பு 21.1 சதவீதத்திலிருந்து 18.3 ஆனது; புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு உறுதியாகவில்லை. சி.டி.4 மிகக் குறைந்தவர்களிடமும் கடும் இரத்தச்சோகை உள்ளவர்களிடமும் பயன் தெளிவாக இருந்தது.

மாத்தளை மாவட்டத்தில்

இலங்கையில் காசநோய் ஆண்டுக்கு இலட்சம் பேரில் 60க்குச் சற்று அதிகமானோருக்கு ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் குறைவு. எச்.ஐ.வி. உள்ள முதல் இலங்கையர் 1987இல் இனங்காணப்பட்டார்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 4.84 இலட்சம் பேர் வாழ்ந்த மாத்தளையில் இரு நோய்களுக்கும் இரு வாசல்கள். காசநோய்க்கு மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், எச்.ஐ.வி.க்குப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம். இவை தனித்தனித் தேசிய வேலைத்திட்டங்களின் கீழ் இயங்குகின்றன. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ தம்புள்ளை வைத்தியசாலையிலோ சேரும் நோயாளி இவ்விரண்டுக்கும் வெளியே, வாட்டில் இருக்கிறார். ஆகவே வாட்டு வைத்தியரே இரு பக்கமும் தகவலை இணைக்க வேண்டியவராகிறார்.

எச்.ஐ.வி. உள்நோயாளிகள் விரல்விட்டு எண்ணும்படியாக உள்ள மாவட்டத்தில் 10 சதவீத எல்லையைச் சொந்தப் புள்ளிவிவரத்தால் கணிக்க இயலாது. கணிக்கத் தேவையும் குறைவு: அறிகுறிக் கேள்விகளுக்கு அநேகமாக எல்லோரும் ‘ஆம்’ என்பதால் ஒவ்வொருவருக்கும் சோதனை தேவைப்படும், எண்ணிக்கை சிறிதென்பதால் செலவும் சிறிது. இத்தகைய இடத்தில் பெரிய இடைவெளி, நோயாளிக்கு எச்.ஐ.வி. உண்டென்பதே தெரியாமலிருப்பதுதான். அதனால் காசநோயாளிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யும் எதிர்த்திசை வழியும் முக்கியமாகிறது.

காசநோய் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். அறிவித்தல் கிடைத்ததும் பொது சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து, உடன் வாழ்வோரை விசாரிப்பார். இந்த விசாரணையின்போது, அண்டை வீட்டுப் பேச்சு சுவரைத் தாண்டிக் கேட்கும் தோட்ட லயன்களில் எச்.ஐ.வி. முடிவு வெளியே கசியாமல் காப்பது, சோதனைக்கு ஆட்கள் முன்வருவதற்கே நிபந்தனை.

சிகிச்சை

காசநோய் உறுதியானால் வழமையாக ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. எச்.ஐ.வி. மருந்து எடுக்காதவர் இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்க வேண்டும். மூளையுறைக் காசநோயில் மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் தாமதிக்கப்படும். ரிபாம்பிசின் எடுக்கும் காலத்தில் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர் நாளுக்கு இருமுறை கொடுக்கப்படும். காசநோய் இல்லையென்று உறுதியானவருக்குத் தடுப்பு மருந்து உண்டு: ஆறு மாதம் ஐசோனியாசிட், அல்லது வாரமொருமுறை 12 வேளை ஐசோனியாசிட்டும் ரிபாபென்டினும்.