84ஆம் பிரிவின் வரம்புரையும் தண்டனை பெற்றவரின் மருத்துவ உரிமையும்

குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர்க்கு அரசு மருத்துவ உதவியைக் குறைக்கலாம் என்போர், இந்தியச் சட்டத்திலேயே அதற்கு முன்மாதிரி உண்டெனத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை (1948), அதாவது இ.எஸ்.ஐ. சட்டத்தைச் சுட்டுகின்றனர். பயன் பெறுவதற்காகப் பொய்யுரைப்பவரை அதன் 84ஆம் பிரிவு தண்டித்தது. தண்டிக்கப்பட்ட காப்பீட்டாளர் பயனை இழப்பார் என்னும் வரம்புரை 1989 திருத்தத்தில் சேர்ந்தது. தண்டனை சமூகப் பாதுகாப்பையே நிறுத்திவைக்கும் என்ற கொள்கையை இதிலிருந்து வருவிப்பது பிழையான வாசிப்பு என்பது என் துணிபு.

46ஆம் பிரிவு நோய், மகப்பேறு, உடல் ஊனம், சார்ந்தோர், மருத்துவம், ஈமச்செலவு என ஆறு பயன்களை வகுத்தது. ஐந்து பணமாகக் கைக்கு வருபவை. மருத்துவம் மட்டுமே சிகிச்சையாகக் கிடைப்பது. வரம்புரை நிறுத்தியது பணப்பயனைத்தான், அதுவும் மத்திய அரசு வரையறுக்கும் காலத்திற்கு மட்டும். சட்டத்தின் மௌனத்தில் எப்போதும் நோக்கம் இருக்கும் எனச் சொல்ல முடியாது என்பதை ஒப்புகிறேன். ஆனால் இங்கே 70ஆம் பிரிவு துணைக்கு வருகிறது: முறைகேடாகப் பெற்றது பணமல்லாத பயனாயினும் அதன் மதிப்பைக் கணித்துத் திரும்பப் பெறலாம் என்றது அது. ஏமாற்றிப் பெற்ற சிகிச்சையைச் சட்டம் எண்ணிப் பார்த்தே இருந்தது. எண்ணிப் பார்த்தும், அதன் விலையைக் கேட்டதே தவிர மருத்துவமனைக் கதவை அடைக்கவில்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு விற்பனையாளர் பொய்ச் சான்றுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால், நோய்க்கால உதவித்தொகை சில காலம் நின்றிருக்கும். அந்தத் தண்டனையைக் காட்டி, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்ப இந்த வரம்புரை இடம் தரவில்லை. குற்றமே செய்யாத அவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ.க்குச் சந்தா கட்டியவரின் உரிமையை வரிப்பணத்தில் நடக்கும் உதவியோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு கனமானது. ஆயினும் குற்றவாளியாயினும் நிரபராதியாயினும் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சந்தாவைக் கணக்கில் எடுக்கவில்லை. அத்தீர்ப்பு அவசர சிகிச்சை பற்றியது என்பது உண்மையே. ஆனால் காசநோய்க்கோ நீரிழிவுக்கோ தொடக்கத்தில் மருந்தை மறுத்து, உயிர் ஊசலாடும்போது அனுமதிப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. போதைப்பொருள் குற்றவாளிகளுக்கு ரொக்க உதவியையும் உணவு உதவியையும் தடுத்த அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம்கூட ஏழைகளுக்கான மெடிக்கெய்டை அத்தடையில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி குடும்ப வருமானமே; தண்டனையின்மை அன்று. தடையில்லையேல் மோசடி பெருகும் என்ற அச்சத்துக்கு ஆறு மாதம் வரையிலான சிறையும் அபராதமுமே போதிய விடை.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உள்ளடக்கி, 2025இல் அதன் இடத்தைப் பிடித்தது. தண்டனை பெற்றவருக்கும் மருத்துவப் பயன் நிறுத்தப்படாது என்பதை அதன்கீழ் விதி வகுப்போர் வெளிப்படையாகவே எழுதிவைக்க வேண்டும்.