காலனி - ஒரு சொல்லின் கதை

குரோம்பேட்டையில் நியூ காலனி, ஆதம்பாக்கத்தில் என்.ஜி.ஓ. காலனி, தாம்பரத்தில் ரயில்வே காலனி. தென்சென்னைப் புறநகரில் இந்தச் சொல்லைச் சொல்லாமல் ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல முடியாது. (பலர் இதை "காலணி" என்று எழுதி செருப்பாக்கி விடுவார்கள், அது வேறு கதை!) ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?

லத்தீனில் "கொலோனஸ்" என்றால் நிலத்தை உழுபவன். அதிலிருந்து பிறந்தது "கொலோனியா". ரோமானியர்கள் வென்ற நாடுகளில், ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர்களுக்கு அந்தப் பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயரே அதுதான், கி.பி. 50-ல் கிடைத்தது. பிறகு ஆங்கிலத்தில் நுழைந்து, கடல் தாண்டிப் பிடித்த நாடுகளைக் குறித்தது. எறும்புக்கும் பாக்டீரியாவுக்கும் கூட காலனி உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. நாம் இந்தியாவை பிரிட்டிஷ் காலனி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் லண்டனில் காலனிகளைக் கவனித்தது காலனி அலுவலகம். 1858 முதல் இந்தியாவுக்கு என்று தனியாக இந்தியா அலுவலகம் இருந்தது. இலங்கையோ 1802-லேயே மன்னரின் காலனி. பினாங்கும் சிங்கப்பூரும் 1867-ல் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து காலனி அலுவலகத்துக்குப் போயின. அதாவது ஏட்டின்படி கொழும்பு காலனி, சென்னை காலனி இல்லை! ஆண்டவர்கள் செய்ததில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது வேறு விஷயம்.

நம்மூரில் இந்தச் சொல் இரண்டு வழிகளில் போனது. ஒன்று உத்தியோகஸ்தர் வழி. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு புறநகர் வளர்ந்தது. ரயில்வே ஊழியர், அரசு ஊழியர் என்று ஒரே வேலைக்காரர்கள் சேர்ந்து வாழும் இடம் காலனி ஆனது. என்.ஜி.ஓ. என்றால் இங்கே தொண்டு நிறுவனம் இல்லை, கெஜட்டில் பெயர் வராத அரசு ஊழியர்.

இன்னொன்று கிராமத்து வழி. 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வழங்கத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு இப்படி வீடு கட்டிக் கொடுத்தது. அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி என்று பலகை வைத்தது. வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. "சேரி" என்ற சொல்லுக்குப் பதிலாக வந்த சொல், சில காலத்திலேயே அதே இழிவைச் சுமக்க ஆரம்பித்தது. "நீ ஊரா, காலனியா?" என்று கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் முகவரியே சாதியைச் சொல்லிவிடும். ஆதம்பாக்கத்தில் பெருமையாகச் சொல்லும் சொல்லை, கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் வேலை விண்ணப்பத்தில் எழுதத் தயங்குவான். உழுபவன் என்று பொருள் தந்த சொல், வயலில் உழுதவர்களைத் தள்ளி வைக்கப் பயன்பட்டது!

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்த அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்கள், குடியிருப்புகளின் பெயரை மாற்ற அரசாணையும் வந்தது. பலகையை ஒரே நாளில் மாற்றலாம். ஆனால் ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது?