வளர்ப்புப் பராமரிப்பு உதவித்தொகை (இந்தியா)

பெற்றோர் பராமரிப்பை இழந்த குழந்தையைத் தத்தெடுக்காமல், குழந்தைகள் நலக்குழுவின் ஆணைப்படி வீட்டில் வைத்து வளர்க்கும் குடும்பத்துக்கு அரசு வழங்கும் மாதாந்தர நிதி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியே தொகை வழங்கப்படுகிறது. முன்னர் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் 2,000 ரூபாயாக இருந்த தொகை, 2022இல் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் வழிகாட்டுதலின்படி குழந்தைக்கு 4,000 ரூபாயானது. பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய, மாநில அரசுகளின் பங்கு 60:40.

இது ஊதியமன்று. உணவு, கல்வி, மருத்துவத்துக்குக் குடும்பமே சட்டப்படி பொறுப்பு. பள்ளி வேன் கட்டணம், சீருடைத் தையற்கூலி, குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது வேலைக்குப் போகாமல் இழக்கும் நாட்கூலி எல்லாம் சேர்ந்தால் தொகை பகுதி ஈடே. எஞ்சியது குடும்ப வருமானத்திலிருந்து போகிறது. வளர்ப்புக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவ்வருமானமும் ஆராயப்படுகிறது. குழந்தை பெற்றோரிடம் திரும்பினாலோ 18 வயது நிறைந்தாலோ உதவித்தொகை நின்றுவிடும்.