தோட்டத்தின் ஊர்ப்படத்தை வரைந்தவர் யார்?

1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து, அங்கு நின்றிருந்த உருசியக் கப்பலைத் தகர்த்த வரலாற்றை நம்மவர் அறிவர். அடங்காத ஆளை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கமே தமிழில் நிலைத்துவிட்டது. பினாங்குக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அதே எம்டன் இந்தியப் பெருங்கடலில் ‘கிளான் கிராண்ட்’ என்னும் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. அக்கப்பலில் இருந்த பெருஞ்செல்வம் பொன்னன்று, ஊர்ப்படங்கள்.

அவை பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் தொகுத்தவை. சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் அவர் இந்தியா வந்தார். பல்லாண்டு உழைப்புக் கடலடி சேர்ந்தபோதும் அவர் சோர்ந்திலர். நண்பர் துணையுடன் வேறொரு தொகுதி திரட்டி, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர்த் தமிழகத்து ஊர்களைக் காணப் புறப்பட்டார்.

தஞ்சையில் அவர் கண்டது நமக்குப் பாடமாகத் தக்கது. நெரிசலான குடியிருப்பை இடித்து நேர்கோட்டில் தெருக்கள் அமைப்பதே அக்காலப் பொறியாளர் கண்ட மருந்து. கெடிசோ தாவரவியல் பயின்றவர். ஊரையும் ஓர் உயிராகவே கண்டார். முதலில் கால்நடையாகச் சந்து சந்தாக நடத்தல் வேண்டும். குடியிருப்போர் எதனால் அவ்வாறு வாழ்கின்றனர் என உணர்தல் வேண்டும். பின்னரே கோல் தொடுதல் வேண்டும் என்றார். பாழடைந்த ஒரு சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களைத் திறந்த வெளிகளாக்கி, மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் வரும். மக்கள் வீடிழந்து அலையார். செலவும் குறையும் என்பது அவர் கணக்கு. காக்கும் அறுவை என அம்முறையைத் தமிழில் கூறலாம். வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன ஒழுங்கு இதனின் வேறன்று.

அம்முறை தோட்டத்தை எட்டிற்றா? இல்லை. எங்கள் பைராம் தோட்டம் இருக்கும் செபராங் பிறையில், வெல்லெஸ்லி மாநிலம் என்ற பழைய பெயர் வழங்கிய 1840களிலேயே வெள்ளையர் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் கூலிகளாக வந்தனர். கரும்புக்குப் பின் ரப்பர், அதற்குப் பின் செம்பனை. பயிர் மாறிற்றே ஒழிய லயத்தின் வரைபடம் நெடுங்காலம் மாறவில்லை. நீண்ட ஒரே கூரை, அதனடியில் வரிசையாக அறைகள், குடும்பத்துக்கு ஓர் அறை. மேட்டில் துரை பங்களா. இடையில் கிராணியார் வீடு. பெரட்டுக்கு ஆள் சேர எளிதான இடத்தில் லயம். வேலை வாங்குவதற்கு வாய்ப்பாக வரைந்த படம் அது.

எனினும் மக்கள் சும்மா இருக்கவில்லை. லயத்தின் கோடியில் மாரியம்மனை வைத்தனர். பின்புறம் மாட்டுக்கொட்டில் கட்டினர். முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டனர். கோயிலுக்கும் ஆயாக் கொட்டகைக்கும் பள்ளிக்கும் காலடியால் குறுக்கு வழிகள் சமைத்தனர். எந்த அலுவலகப் படத்திலும் காணாத இவையே தோட்டத்தை ஊராக்கின என்பேன்.

அவசரகாலம் வந்தது. 1950இல் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்தோர், பெரும்பாலும் சீனர், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், 480 அளவிலான புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டுக் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டனர். இரண்டும் படையினர் கண்ணால் வரைந்த ஊர்களே. ஆனால் பின்கதை வேறுபட்டது. 1952இல் பிறந்த உள்ளூர் மன்றச் சட்டத்தால் புதுக்கிராமங்கள் பலவற்றில் மக்களே தேர்ந்தெடுத்த மன்றங்கள் அமைந்தன. சாலைக்கும் சாக்கடைக்கும் தாமே வரி விதித்துத் தாமே முடிவு செய்யக் கற்றனர். தோட்டமோ தனியார் நிலம். வேலி போனபின்பும் அங்கே மன்றம் இல்லை. விண்ணப்பம் எல்லாம் மானேஜரிடமே. புதுக்கிராமத்தார்க்கும் அப்பேறு நெடிது நிலைக்கவில்லை. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே உறுதி செய்தது.

அதே 1976இல் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டமும் வந்தது. ஆசிரியர்கள் இதனைக் கருத்தூன்றிக் காண வேண்டுகிறேன். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டால், அக்கம்பக்கத்து நில உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பி அவர்தம் மறுப்பைக் கேட்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளர்க்கு! மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஓரடி நிலமும் சொந்தமில்லை. ஆகவே அஞ்சற்காரர் அவன் வாயிலில் நிற்கமாட்டார். தோட்டம் கைமாறி வீட்டுமனையாகும் செய்தியை அவன் பெரும்பாலும் அறிவது அளவைக்கல் நட்ட பிறகே. மாற்றாக அடுக்குமாடி வீடு கிடைக்கலாம். அதில் மாட்டுக்கும் கோயிலுக்கும் இடம் கேட்பார் யார்?

ஆயினும் அச்சட்டத்தில் மற்றொரு வாயில் திறந்தே உள்ளது. வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நிலம் உள்ளவனும் இல்லாதவனும் எழுத்தில் கருத்துரைக்கலாம். அவ்வாறு வைக்கப்பட்ட வரைவு ஒன்றை நான் பார்த்ததுண்டு. ஒரு தோட்டம் முழுவதும் அதில் ஒரே பச்சைத் திட்டு. வேளாண்மை என்று ஒரு சொல். அந்த வாரமே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, நாம் இருக்கும் தோட்டத்தை வரையச் சொன்னேன். கோயில், குழாயடி, பந்து விளையாடும் திடல், பாட்டி உட்காரும் மரத்தடி, பள்ளிக்கு வரும் குறுக்கு வழி எல்லாம் வந்தன. ஒரு சிறுமி மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் ஏறும் என்பதையும் நீலக் கோடிட்டுக் காட்டியிருந்தாள். அத்தாள்களை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த வரைவு பார்வைக்கு வரும்போது கருத்துரையோடு இணைத்து அனுப்புவதற்காக.