கோப்புக்கு உரிமையாளர் வந்த கதை

கூகுள் டிரைவில் நீங்கள் பத்துப் பேரோடு பகிர்ந்திருக்கும் ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துப் பாருங்கள். திருத்துகிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், படிக்க மட்டும் அனுமதி பெற்றவர்களும் இருக்கலாம். உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் ஒரே ஒரு பெயர் இருக்கும். இன்னொரு பெயரை அங்கே சேர்க்க வழியே கிடையாது. அலுவலகங்களில் சர்வர் பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பகிர்ந்த கோப்புகளால் வரும் தகராறுகளில் முக்கால்வாசி இந்த ஒற்றைப் பெயரில் போய்த்தான் முட்டும். அந்தப் பெயர் அங்கே ஏன் வந்தது என்று தேடிப் போனால் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய சகாக்களும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் தட்டச்சுப் பொறிகள் வழியாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதில் புதுமை. அன்றைய ஐபிஎம் இயந்திரங்கள் யானை விலை. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், யார் எவ்வளவு இடம் பிடித்தார்கள் என்ற கணக்கு இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு பாஸ்வேர்டு, ஓர் அளவு. அந்த அளவு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஆலன் ஷெர் சாட்சி. ஆய்வு மாணவரான அவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது பற்றாமல் 1962இல் எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பையே அச்சிட வைத்து எடுத்துக்கொண்டார்.

இந்தப் பங்கீட்டுக் காலத்தில்தான் கோப்புக்கு உரிமையாளர் பிறந்தார். எழுதியவருக்கு மரியாதை செய்ய யாரும் அந்தப் பெயரைப் போடவில்லை. பிடித்த இடத்தை யார் பற்றில் எழுதுவது என்று தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த ஒவ்வொரு அமைப்பும் இந்தக் கணக்குப்பிள்ளை மனத்தோடுதான் கோப்பைப் பார்த்தது என்பது என் கட்சி.

கூட்டு வேலைக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது என்பது சிடிஎஸ்எஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. கார்பட்டோ தம்முடைய டூரிங் விருது உரையில் அந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு டைரக்டரியில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற நினைப்பில் அதன் எடிட்டரை எழுதியிருந்தார்கள். திருத்தும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். பின்னாளில் அமைப்பைப் பராமரிக்கிறவர்கள் பலர் ஒரே டைரக்டரியைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிப்போயின. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது. இதைப் பாதுகாப்புக் குறை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இது பகிர்தலின் கதையாகவே தெரிகிறது. ஓர் ஆளுக்கென்று கட்டிய அறையில் இரண்டு பேர் குடியேறியதால் வந்த வினை.

அடுத்து வந்த மல்டிக்ஸ் என்ற அமைப்பு, எந்தக் கோப்பை யார் யார் தொடலாம் என்று பெயர் பெயராகப் பட்டியல் போட இடம் கொடுத்தது. அந்தத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969இல் விலகிக்கொண்டது. அங்கே கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் சின்ன இயந்திரத்தில் யூனிக்ஸை உருவாக்கியபோது எல்லாவற்றையும் சுருக்கினார்கள். ஒவ்வொரு கோப்போடும் உரிமையாளருடைய எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குழு என்ற ஏற்பாடுகூடச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. உரிமையாளரை மாற்றும் 'சிஹெச்-ஓன்' கட்டளை மட்டும் 1971 நவம்பர் மாதத்து முதல் கையேட்டிலேயே உண்டு.

அந்தக் கட்டளையை யார் பயன்படுத்தலாம்? 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், முழு அதிகாரம் கொண்ட சூப்பர் யூசர் ஒருவர் மட்டுமே. கோப்புகளை அடுத்தவர் தலையில் கட்ட அனுமதித்தால் இடக் கணக்கை ஏமாற்றிவிடலாம் என்பது கையேடு சொன்ன காரணம். அப்படியொரு கணக்கு அமைப்பு இன்னும் இல்லவே இல்லை என்பதையும் அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்! இல்லாத கணக்கைக் காப்பாற்ற ஒரு சட்டம். கணக்கு பிறகு வந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் எழுதிய, ஒருவர் பிடிக்கும் இடத்துக்கு வரம்பு போடும் டிஸ்க் கோட்டா, 1983இல் பெர்க்லி யூனிக்ஸில் சேர்ந்தது. சிஸ்டம் ஃபைவ் என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையிலோ உரிமையாளர் தன் கோப்பைத் தானே பிறருக்குக் கொடுத்துவிடலாம் என்று விட்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒத்துவராததால் யூனிக்ஸ் வகைகளுக்குப் பொது விதி வகுத்த 1988இன் போசிக்ஸ் தரம், அந்தந்த அமைப்பின் விருப்பம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

பெயர் என்கிறோமே, உள்ளே இருப்பது எண்தான். கோவையில் ஒரு மில் அலுவலகத்து யூனிக்ஸ் இயந்திரத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். காஸ்டிங் பிரிவில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றார், அவருடைய கணக்கை நீக்கினார்கள். மறுநாள் பட்டியல் போட்டால் அவர் பெயர் இருந்த இடத்தில் 214 என்ற எண் நிற்கிறது. கோப்பு இருக்கிறது, ஆளைக் காணோம். சில மாதங்களில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதே 214 போனது. அந்தக் கணமே பெரியவருடைய நூல் விலைக் கணக்கெல்லாம், திறந்துகூடப் பார்க்காத அந்தப் பையனுக்குச் சொந்தம்! யாரும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

பிறகு கோப்புகள் இணையத்துக்குப் போயின. அங்கேயே எழுத உதவிய ரைட்லி என்ற சின்ன சேவையை 2006இல் கூகுள் வாங்கியது. அதிலிருந்து கூகுள் டாக்ஸ் வளர்ந்தது. பல பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதும் வித்தை ஊருக்கெல்லாம் வந்து சேர்ந்தது. எழுதும் முறை தலைகீழாக மாறியும் உரிமையாளர் என்ற இடம் மாறவில்லை. 2012 ஏப்ரலில் டிரைவ் வந்தபோதும் அதே கணக்குப்பிள்ளைதான். என்னுடைய ஃபோல்டரில் நீங்கள் ஒரு வீடியோவைப் போட்டால் அது உங்களுடையது, இடமும் உங்கள் கணக்கில்தான் கழியும். ஃபோல்டரின் உரிமையை நான் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் ஃபைல்கள் பழைய ஆட்களிடமே இருக்கும். ஃபோல்டர் கைமாறினால் எல்லாம் கைமாறியதாக நம்பி ஏமாறுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மதுரைப் பக்கம் கண்மாய்களைப் பதிவு செய்யும் தன்னார்வக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கரையின் நீளம், மடை எத்தனை, கலுங்கு எந்த நிலையில், மடைத்தூணில் எழுத்து உண்டா, ஆயக்கட்டு எவ்வளவு என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பட்டியல். துடிப்பான ஒரு மாணவி தன்னுடைய கல்லூரி மெயிலில் அதை ஆரம்பித்தாள். ஏழெட்டுப் பேர் நிரப்பினோம். அவள் படிப்பு முடிந்தது. பழைய மாணவர்களின் கணக்குகளைக் கல்லூரி மொத்தமாக நீக்கியது, பட்டியலும் போனது. நிறுவனக் கணக்கை நீக்கினால் நிர்வாகிக்கு 20 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மீட்கலாம். எங்களுக்குத் தெரிந்தபோது அந்த 20 நாளும் தாண்டியிருந்தது. கண்மாய் ஊர்ப் பொது. அதைப் பற்றிய பட்டியல் மட்டும் ஒரு மாணவியின் மெயில் முகவரிக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது. அவள் அழுததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவள் செய்தது வேலையை ஆரம்பித்தது மட்டும்தான்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்காமல் இல்லை. 2017இல் கூகுள் நிறுவனங்களுக்காக டீம் டிரைவ் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஷேர்டு டிரைவ் என்று பெயர் மாற்றினார்கள். அதில் போடும் கோப்பு எந்த ஆளுக்கும் சொந்தமில்லை, நிறுவனத்துக்கே சொந்தம். ஆள் போனாலும் கோப்பு இருக்கும். சிடிஎஸ்எஸ் காலத்திலிருந்து வந்த வழக்கத்தை உடைத்தது என்று பார்த்தால் எனக்கு இது பெரிய காரியம். ஆனால் சாதாரண ஜிமெயில் வைத்திருப்பவர்கள் அப்படியொரு டிரைவைத் தொடங்க முடியாது. கோயில் திருப்பணிக் குழு, பழைய மாணவர் சங்கம், எங்களைப் போன்ற கண்மாய்க் குழு எல்லாரும் ஓடுவது ஜிமெயிலில்தான். போதாக்குறைக்கு, இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று 2023இல் அறிவித்தார்கள். உரிமையாளர் காலமாகிவிட்டால், மற்றவர்கள் தினமும் திறந்து எழுதும் ஃபைலுக்குக்கூட அந்தக் கெடு உண்டு.

இப்போது எங்கள் குழுவுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. யார் எந்தப் பட்டியலை ஆரம்பித்தாலும் அந்த வாரமே உரிமையை அதற்கு மாற்றிவிடுகிறோம். மாற்றினால் மட்டும் போதாது, குழுக் கணக்கில் நுழைந்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஏற்காத வரை பழைய பெயரே நிற்கும். கல்லூரி, அலுவலகக் கணக்குகளிலிருந்து இப்படி வெளியே மாற்ற முடியாது, நகல்தான் எடுக்க வேண்டும். நகலில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற வரலாறு வராது. மடைகளின் எண்ணிக்கையை ஒரு பெரியவர் மூன்று முறை திருத்தியிருந்தால் கடைசி எண் மட்டும்தான் மிஞ்சும். அந்தத் திருத்தங்கள்தான் எங்களுக்குச் சான்று. தனிநபர் கணக்கிலும் உரிமையாளர் இடத்தில் இரண்டு பெயர் எழுத வழி செய்யுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கான கருத்துப் பெட்டியில் தொடர்ந்து எழுதிவருகிறேன்.