பத்து ரூபாய் யூனிட்

ஜூலை பிறந்தால் தபால்காரருக்காக வாசலைப் பார்த்திருக்கும் வீடுகள் ஒரு காலத்தில் நம் ஊர்களில் தெருவுக்கு இரண்டாவது இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு, ரயில்வே குமாஸ்தா வீடு, கணவர் விட்டுப்போன பி.எஃப். பணத்தில் பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்த அம்மாவின் வீடு. அவர்களுக்கு வர வேண்டியது டிவிடெண்ட் வாரண்ட். பார்வைக்குச் செக் மாதிரியே இருக்கும். அதை வங்கிக்குக் கொண்டுபோய், செலான் எழுதிப் போட்டு, பாஸ்புக்கில் வரவு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடச் செலவோ தீபாவளித் துணியோ பேச்சுக்கே வரும். "எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரே பதில்: "யூனிட் டிரஸ்ட்."

உட்கார்ந்த இடத்தில் பணம் வர வேண்டும், போட்ட முதலும் குறையக் கூடாது என்ற ஆசைக்கு இன்று நூறு பெயர்கள் இருக்கின்றன. இந்தியாவில் அந்த ஆசை முதன்முதலில் நம்பிப் பிடித்துக்கொண்ட பொருள், பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒரு யூனிட். யூனிட் திட்டம் 1964 என்பது அதன் முழுப்பெயர். ஏஜெண்டுகள் வாயில் யு.எஸ்.64. அது பிறந்து, வளர்ந்து, முடிந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய டிவிடெண்ட் ஃபண்டுகளில் யாரும் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதைப் பெற்றெடுத்தவர் சென்னைக்காரர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி.யின் பணத்தைக் கொண்டு முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை வாங்கிய விவகாரத்தில் 1958ல் நிதியமைச்சர் பதவியை இழந்தவர். பொதுமக்கள் பணம் பங்குச் சந்தைக்குள் போனால் என்னென்ன நடக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரே 1963ல் மீண்டும் நிதியமைச்சராகி, சிறுசேமிப்பைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பொது நிறுவனம் வேண்டும் என்று யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா (யு.டி.ஐ.) சட்டத்தைக் கொண்டுவந்தார். தொடக்க முதல் 5 கோடி ரூபாய். அதில் பாதி ரிசர்வ் வங்கியுடையது, மீதியை எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி, மற்ற வங்கிகள் எல்லாம் சேர்ந்து போட்டன. 1964 ஜூலை 1 அன்று யூனிட் விற்பனைக்கு வந்தது.

முதல் ஆண்டு டிவிடெண்ட் 6.1 சதவீதம். பத்து ரூபாய்க்கு அறுபத்தோரு பைசா. அடக்கமான தொகைதான். ஆனால் அடுத்த ஆண்டும் வந்தது, அதற்கடுத்த ஆண்டும் வந்தது. சந்தை விழுந்த ஆண்டிலும் வந்தது. குறையாமல், தவறாமல் வந்ததுதான் அந்த யூனிட்டின் குணமாக மக்கள் மனத்தில் படிந்தது. மைய அரசு நிறுவனம், ரிசர்வ் வங்கி முதல் போட்டது, ஆகவே பணத்துக்கு அரசே ஜவாப்தாரி என்று ஏஜெண்டும் சொன்னார், வாங்கியவரும் நம்பினார். யூனிட் பத்திரத்தின் எந்த மூலையிலும் அப்படி ஓர் உத்தரவாதம் அச்சாகவில்லை.

அதன் விலை வைக்கும் முறைதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் வேர். இப்போது ஒரு மியூச்சுவல் ஃபண்டின் கையிலுள்ள பங்குகளையும் கடன் பத்திரங்களையும் அன்றன்று சந்தை விலையில் கணக்கிட்டு, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, என்.ஏ.வி. என்று தினமும் வெளியிடுகிறார்கள். யு.எஸ்.64க்கு அந்த வழக்கமே கிடையாது. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் நிறுவனமே தீர்மானித்து அறிவிக்கும். ஜூன் மாதம் கணக்கு மூடுவார்கள். ஜூலையில் இருப்பதிலேயே குறைந்த விலை. பிறகு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இறங்கியதைப் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, அதன் உண்மை மதிப்பு எவ்வளவு என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தனிச் சட்டத்தில் பிறந்த திட்டம் என்பதால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளும் அதைக் கட்டவில்லை.

தொண்ணூறுகளின் முற்பாதிதான் யூனிட்டின் பொற்காலம். டிவிடெண்ட் 26 சதவீதம் வரை போனது. அந்தச் சதவீதம் எதன் மேல் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் முகமதிப்பின் மேல். ஒருவர் யூனிட் 14 ரூபாய் வீதம் ஆயிரம் யூனிட் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்தது 14,000. வாரண்ட்டில் வந்தது 2,600. கொடுத்த பணத்துக்குக் கணக்குப் போட்டால் பதினெட்டரை சதவீதம்தான். அதுவே மிக நல்ல வருமானம், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரமும் ஏஜெண்டும் தெருப்பேச்சும் சொன்னது 26. இன்றுகூட ஒரு கம்பெனி "500 சதவீதம் டிவிடெண்ட்" என்று அறிவித்தால் அது ஒரு ரூபாய் முகமதிப்புக்கு ஐந்து ரூபாய் என்றுதான் பொருள். பங்கின் விலை ஆயிரம் என்றால் அரை சதவீதம்தான் தேறும். பழைய மயக்கம் இன்னும் தெளியவில்லை.

அந்த 26 எங்கிருந்து வந்தது? யூனிட் டிரஸ்ட்டுக்கு டிவிடெண்டாகவும் வட்டியாகவும் வருமானம் வந்தது. லாபத்தில் பங்குகளை விற்ற பணமும் வந்தது. இவை போதாத ஆண்டுகளில் முன்பு சேர்த்து வைத்த கையிருப்பு உதவியது. முதலில் பாதுகாப்பான கலவையாக இருந்த திட்டம், பெரிய டிவிடெண்டைத் தாங்குவதற்காக மெல்ல மெல்லப் பங்குகளின் பக்கம் சாய்ந்து, தொண்ணூறுகளின் இறுதிக்குள் பாதிக்கும் மேல் பங்குகளாகவே ஆகிவிட்டது. சந்தை சோர்ந்தபோது பங்குகளின் மதிப்பு சரிந்தது, வாரண்ட் மட்டும் சரியவில்லை. வந்த விளைச்சலுக்குள் சாப்பாட்டை அடக்காமல் விதைநெல்லை எடுத்துக் குத்திச் சோறு ஆக்கிப் போட்டார்கள். சாப்பிட்டவருக்கு அது தன் குதிரிலிருந்த நெல்தான் என்று தெரியவே இல்லை.

1998 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. கையிருப்பு இருக்க வேண்டிய இடத்தில் 1,098 கோடி ரூபாய் பள்ளம். தீபக் பரேக் தலைமையில் குழு அமைந்தது. விலையை உண்மை மதிப்போடு இணையுங்கள், மூன்று ஆண்டுக்குள் செய்யுங்கள் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. அரசும் கைகொடுத்தது. டிவிடெண்ட் 20லிருந்து 13.5 ஆனது, அடுத்த ஆண்டு 13.75. விலை மட்டும் உண்மைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்படி நின்றால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைச் சிறிய எண்களில் பார்க்கலாம். பத்துப் பேர், ஆளுக்கு ஒரு யூனிட். பானையில் உண்மையாக இருப்பது 80 ரூபாய், அதாவது ஒரு யூனிட்டுக்கு 8. அறிவித்த விலை 14. நான்கு பேர் விஷயம் தெரிந்து முதலில் வெளியேறினால் 56 ரூபாய் எடுத்துக்கொண்டு போவார்கள். மீதி 24. அதை ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 4. வெளியேறியவர் யாரிடமும் திருடவில்லை, சட்டப்படிதான் வாங்கினார். ஆனால் உள்ளே இருந்தவரின் மதிப்பில் பாதி அவரோடு போய்விட்டது.

2001 ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது இதுதான், எண்களுக்குப் பின்னால் கோடிகள் மட்டும் சேர வேண்டும். இரண்டே மாதத்தில் 4,000 கோடிக்கும் மேலான யூனிட்டுகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. எடுத்தவர்களில் பெரும்பகுதி கம்பெனிகள். கணக்குப் பார்க்க ஆள் வைத்திருந்தவர்கள். தபால்காரருக்காகக் காத்திருந்த தலைமையாசிரியருக்கு யார் சொல்வார்கள்? இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இது. சந்தை விழுவது இயற்கை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தவனுக்கு ஒரு வாசலும் தெரியாதவனுக்குச் சுவரும் வைத்த விலைமுறையைப் பொறுக்க முடியாது.

2001 ஜூலை 2, திங்கட்கிழமை. ஆறு மாதத்துக்கு யு.எஸ்.64 விற்பனையும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை என்று அறிவிப்பு வந்தது. டிவிடெண்ட் 10 சதவீதம். நாடெங்கும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் கையில் பத்திரம் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆவணியில் எடுக்கலாம் என்று வைத்திருந்த பணத்தை எடுக்க முடியாது. யு.டி.ஐ. தலைவர் பதவி விலகினார். எம். தாமோதரன் பொறுப்பேற்றார், பிற்பாடு செபியின் தலைவராகவும் இருந்தவர். நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்தது. எதிர்ப்பு வலுத்ததும், ஆகஸ்ட் முதல் ஒருவர் 3,000 யூனிட் வரை பத்து ரூபாய் விலையில் திருப்பிக் கொடுக்கலாம், மாதத்துக்குப் பத்துப் பைசா கூடும் என்று ஒரு சன்னல் திறந்தார்கள். 2002 ஜனவரியில் யூனிட்டின் உண்மை மதிப்பு முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தபோது 6 ரூபாய்க்கும் கீழே இருந்தது. பதினான்குக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள்.

முடிவு சீக்கிரம் வந்தது. 2002ல் அரசு 14,561 கோடி ரூபாய் உதவித் திட்டம் அறிவித்தது. யு.எஸ்.64க்கு மட்டுமன்றி, உறுதி வருமானம் வாக்களித்து விற்கப்பட்ட மற்றத் திட்டங்களுக்கும் சேர்த்து. யு.டி.ஐ. சட்டமே நீக்கப்பட்டு நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி செபியின் விதிகளுக்குட்பட்ட சாதாரண மியூச்சுவல் ஃபண்ட். மறுபாதி பழைய பாரங்களைச் சுமக்க அரசு அமைத்த சிறப்பு அமைப்பு. 2003 மே 31 அன்று யு.எஸ்.64 முடிந்தது. பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது 6.75 சதவீத வரியில்லாப் பத்திரமாக ஐந்தாண்டு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்திரங்களும் 2008ல் முதிர்ந்தன.

யூனிட் போனாலும் அதன் பாடம் ஒரு பெயராக மிஞ்சியது. மியூச்சுவல் ஃபண்டுகள் "டிவிடெண்ட் ஆப்ஷன்" என்று விற்றுவந்ததன் பெயரை 2021 ஏப்ரல் முதல் செபி மாற்றச் சொன்னது. இப்போது அதன் பெயர் ஐ.டி.சி.டபிள்யூ. நீட்டிச் சொன்னால் வருமானம் பகிர்வதோடு முதலையும் எடுத்துத் தருவது. நாக்கில் ஒட்டாத பெயர், ஆனால் நேர்மையான பெயர். என்.ஏ.வி. 50 ரூபாயாக உள்ள ஃபண்ட் 2 ரூபாய் பகிர்ந்தால் அன்றே 48 ஆகிவிடும். வங்கிக் கணக்கில் வந்த இரண்டும் உங்களுடையதே. அதற்கு உங்கள் வருமான வரம்பின்படி வரி வேறு.

டிவிடெண்ட் யீல்டு ஃபண்ட் என்பது தனிச் சங்கதி, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனிகளின் பங்குகளை வாங்குவது அந்த ஃபண்டின் வேலை. உங்களுக்கு மாதா மாதம் கொடுப்பது அதன் வேலையில்லை. அதிலும், லாபத்தைப் பகிராமல் உள்ளேயே வளரவிடும் குரோத் ஆப்ஷன் உண்டு. மாதம் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் குரோத்தில் போட்டு, அளவறிந்து எஸ்.டபிள்யூ.பி. முறையில், அதாவது மாதாமாதம் குறித்த தொகையாக, எடுப்பது நல்லது என்பேன். எடுப்பது முதலிலிருந்து என்றால் எடுப்பவருக்கே அது தெரிந்திருக்கும்.

பழைய யூனிட்டின் வயிற்றில் இருந்த பங்குகள் என்ன ஆயின? சிறப்பு அமைப்பின் கைக்கு வந்த மூட்டையில் ஐ.டி.சி., லார்சன் அண்ட் டூப்ரோ, இன்று ஆக்ஸிஸ் வங்கி என்று பெயர் மாறிய யு.டி.ஐ. வங்கி எல்லாம் இருந்தன. இவை சொத்தைப் பங்குகள் இல்லை. பொறுத்திருக்க முடிந்தவருக்கு அவை பல மடங்கு பெருகின. ஆக்ஸிஸ் வங்கியின் கடைசிப் பங்குகளை 2022ல்தான் அரசு விற்று முடித்தது. ஐ.டி.சி. பங்குகளை அதற்குப் பிறகும் விற்காமல் வைத்திருந்தது. அவற்றுக்கு டிவிடெண்ட் ஆண்டுதோறும் தவறாமல் வந்தது, அரசுக் கருவூலத்துக்கு.