ஊன்றுபல்: சொல்லப்படாத பாதி

கழற்றி மாட்டும் பல்செட்டுக்குக் கட்டுப்பல் என்னும் நல்ல சொல் நம்மிடம் உண்டு. தாடை எலும்பில் திருகி நிறுத்தும் இம்பிளான்டை ஊன்றுபல் என்றே இங்கு எழுதுகிறேன். (இதனினும் பொருத்தமான சொல்லிருப்பின் நண்பர்கள் தெரிவிக்கலாம்.)

ஊன்றுபல்லின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு முயலிலிருந்து தொடங்குவர். சுவீடன் அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950களில் எலும்பினுள் குருதியோட்டத்தை ஆராய, முயலின் காலெலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். பின்னர் எடுக்க முனைந்தபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளை ஊன்றினார். லார்சன் 2006-இல் மறையும்வரை அவை பயன்பட்டன. 1982 டொராண்டோ மாநாட்டுக்குப்பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இவ்வளவும் எலும்பின் கதை. ஊன்றுபல்லின் நலிந்த இடமோ எலும்பன்று. உலோகம் ஈறுத் தசையை ஊடுருவி வாய்க்குள் தலைகாட்டும் விளிம்பு. இயற்கைப் பல்லின் வேரை ஈறோடும் எலும்போடும் பிணைக்கும் நார்கள் அங்கே இல்லை. அழுக்குப் படலம் படிந்து ஈறு அழன்றால், அவ்வழற்சி எலும்பை நோக்கி இறங்கத் தடை குறைவு. பலருக்கு வலியும் தெரிவதில்லை. திருகு ஆடும்போதுதான் அறிகின்றனர்.

லார்சன் சிகிச்சை பெற்ற அதே 1965-இல், அண்டை நாடான டென்மார்க்கில் ஹரால்டு லோவும் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கியதும் தணிந்தது. 1994-இல் ஊன்றுபல் உடையோரிடம் இத்தகைய சோதனை நடந்தபோதும் துலக்காத ஈறு அழன்றது.

பிரோனெமார்க்கின் தொடக்ககாலப் பல்வரிசை, தூண்கள்மேல் எழுப்பிய பரண்போல ஈறைத் தொடாது நின்றது. அடியில் தூரிகை நுழையும். காற்றும் நுழைந்து பேச்சைக் கெடுத்தது, பார்வைக்கும் அழகில்லை. பின்வந்தோர் அவ்விடைவெளியைச் சுருக்கினர். அதனை முன்னேற்றம் என முழுமனத்தோடு சொல்ல எனக்கு இயலவில்லை.

2002-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதோர்க்கு இரண்டு ஊன்றுபற்களின்மேல் மாட்டும் பல்செட்டே முதல் தெரிவாக வேண்டுமென்றனர். இடர் இங்கேதான். பல்லாண்டு கட்டுப்பல் அணிந்த முதியவர், அதைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் இட்டதும் வேலை முடிந்ததென்று கருதுவார். தாடையில் நிற்கும் உலோகக் குமிழ்களைச் சுற்றி, ஈறோரமாக, மென்மையான சிறு தூரிகையால் நாள்தோறும் துலக்க வேண்டும்; பல்செட்டின் உட்குழிகளையும் துலக்க வேண்டும். கழற்ற இயலாத பல்வரிசையாயின், அடியில் நுழையும் பல்லிடுக்குத் தூரிகை தேவை. விரல்கள் பிடிமானம் இழந்தவர்க்குத் தடித்த கைப்பிடி உதவும்.

படுக்கையில் வீழ்ந்தவரின் பல்செட்டைக் கழுவித் தம்ளரில் இடும் மகளுக்கோ மருமகளுக்கோ, வாய்க்குள் அக்குமிழ்கள் இருப்பதே தெரியாமற் போகலாம். நடமாட்டம் உள்ள காலத்திலேயே வாயைத் திறந்து அவர்களிடம் காட்டி வைப்பது நன்று.